என் மேசைமேல் நான்கு நாய் மண்டையோடுகள்

என் மேசைமேல் நான்கு நாய் மண்டையோடுகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது, நான் கால்நடை மருத்துவம் பயிலத் தொடங்கிய ஆண்டில் கைக்கு வந்தது. முழு வளர்ச்சியடைந்த, நடுத்தர மூக்கு நீளமுள்ள நாயினுடையது. பாடப் புத்தகத்துப் படங்களும் ஏறக்குறைய அதே வடிவில் இருந்தமையால், பல ஆண்டுகள் அதையே நாயின் மண்டையோடு என்று எண்ணியிருந்தேன். மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகுதான், முதல் மண்டையோட்டில் நான் கற்றவற்றுள் எவை எல்லா நாய்களுக்கும் பொதுவானவை, எவை அந்த ஒரு நாய்க்கு மட்டும் உரியவை என்று பிரித்தறியத் தெரிந்தது. உடற்கூறு பயிலும் இளையோர் பலர் இன்றும் ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு தொடங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மண்டையோட்டைப் படிப்பது என்றால் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் என்று தொடக்கத்தில் நினைத்தேன். நெற்றி எலும்பு, பிடரி எலும்பு, கன்ன எலும்பு என்று வரிசையாக ஒப்பிக்கவும் முடிந்தது. ஆனால் அந்தப் பெயர்களால் ஒரு நோயாளி நாயின் முகத்தைத் தொட்டு எதையும் சொல்ல முடியவில்லை. என் ஆசிரியர் ஒருவர் நிற நிறமான மெல்லிய கம்பிகளைக் கொடுத்து, மண்டையோட்டில் உள்ள ஒவ்வொரு துளையிலும் நுழைத்து மறுமுனை எங்கே வெளிவருகிறது என்று பார்க்கச் சொன்னார். எலும்பைக் காட்டிலும் எலும்பில் உள்ள துளைகளே அதிகம் கற்பிக்கும் என்பதை அன்று உணர்ந்தேன். ஏனெனில் ஒவ்வொரு துளையும் ஒரு நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ விடப்பட்ட வழி.

மேல்தாடையின் பக்கவாட்டில், மூன்றாம் முன்கடைவாய்ப்பல்லுக்கு மேலே உள்ள துளையில் மஞ்சள் கம்பியை நுழைத்தால், அது எலும்புக்குள் சிறு தொலைவு சென்று கண்குழியின் முன்பகுதியில் வெளிப்படுகிறது. மேலுதட்டுக்கும் மூக்கு நுனிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு செல்லும் பாதை அது. பல் மருத்துவத்தின்போது அந்தப் பக்கத்தை மரத்துப்போகச் செய்ய மருந்து செலுத்தும் இடமும் அதுவே. உயிருள்ள நாயின் உதட்டை உயர்த்தி விரலால் தடவினால் அத்துளையின் விளிம்பு தட்டுப்படும். கண்குழியின் உட்புறத்தில், பின்நோக்கிச் சரிந்த வரிசையில், மூன்று துளைகள் இருக்கின்றன. முதலாவது பார்வை நரம்புக்கு. இரண்டாவது பிளவு கண்ணை அசைக்கும் நரம்புகளுக்கு. மூன்றாவது ஒரு குட்டிச் சுரங்கத்தின் வாய். மேல்தாடைத் தமனி அச்சுரங்கத்தின் பின்வாயில் புகுந்து முன்வாயில் வெளியேறுகிறது. மேல்தாடை நரம்பும் நடுவழியில் அதனோடு சேர்ந்துகொள்கிறது. பூனையின் மண்டையோட்டில் இந்தச் சுரங்கம் இல்லை. அறியாத ஒரு மண்டையோடு கையில் கிடைக்கும்போது நான் முதலில் தேடிப் பார்க்கும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

கண்குழியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதனிலும் குதிரையிலும் மாட்டிலும் கண்குழியைச் சுற்றி எலும்பு முழு வளையமாக அமைந்திருக்கிறது. நாயிலோ அந்த வளையம் பின்பக்கம் திறந்திருக்கிறது. நெற்றி எலும்பிலிருந்து ஒரு முனை கீழ்நோக்கியும், கன்ன வளைவிலிருந்து ஒரு மேடு மேல்நோக்கியும் நீண்டு, ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடுகின்றன. இடைவெளியை உயிருள்ள நாயில் ஒரு தசைநார் நிரப்புகிறது. கண்குழியின் அடித்தளத்திலும் பெரும்பகுதி எலும்பு இல்லை, தசையே இருக்கிறது. மண்டையோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு குறைபாடுபோலத் தோன்றும். ஆனால் கீழ்தாடையைப் பொருத்தி, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள்: வாய் திறக்கும்போது கீழ்தாடையின் உயர்ந்த பின்முனை முன்னோக்கிச் சாய்ந்து, கண்ணுக்குப் பின்னால் உள்ள இடத்தை நெருக்குகிறது. கண்ணுக்குப் பின்புறம் சீழ் கட்டிய நாய் வாயைத் திறக்கவொட்டாமல் வலியால் அலறுவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சீழைக் கடைசி மேல்கடைவாய்ப்பல்லின் பின்னாலிருந்து வாய் வழியாகவே வடிக்க முடிவதற்கும் எலும்பில்லாத அந்த அடித்தளமே காரணம். இதைப் புத்தகத்தில் இருமுறை படித்தும் எனக்கு விளங்கவில்லை. இரு கைகளிலும் எலும்பைப் பிடித்து ஒரு முறை அசைத்ததும் விளங்கிவிட்டது.

தாடையின் ஆற்றலையும் அவ்வாறே எலும்பிலிருந்து படித்துக்கொள்ளலாம். தலையின் உச்சியில் முன்பின்னாக ஓடும் மேடு, மூளைப்பெட்டியின் இரு பக்கங்களிலும் சொரசொரப்பான பரப்பு, கன்ன வளைவுக்கும் மூளைப்பெட்டிக்கும் இடையே விரலை நுழைக்கக்கூடிய அகன்ற வெளி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே ஒட்டியிருந்த பொட்டுத் தசையின் பருமன் கண்முன் வந்துவிடும். அது அந்த வெளி வழியாக இறங்கிக் கீழ்தாடையின் பின்முனையைப் பற்றி மேலே இழுக்கிறது. கீழ்தாடையின் வெளிப்பக்கத்தில் உள்ள ஆழ்ந்த குழி மெல்லு தசைக்குரியது. மூட்டு குறுக்கே கிடக்கும் உருளைபோல் அமைந்து, பின்னால் ஓர் எலும்பு முனையால் தடுக்கப்பட்டிருப்பதால், தாடை கதவுக் கீலைப்போல் மேலும் கீழும் ஆடுமேயன்றி மாட்டினுடையதைப்போல் பக்கவாட்டில் அரைக்காது.

தசையும் சதையும் நீங்கிய பின் கீழ்தாடை இரண்டு பாதிகளாகப் பிரிந்துவிடுவதைக் கண்டு, மாதிரியை உடைத்துவிட்டோம் என்று அஞ்சுபவர்கள் உண்டு. நாயில் அவ்விரு பாதிகளும் முன்முனையில் நாரும் குருத்தெலும்பும் கொண்டே இணைந்திருக்கின்றன. மனிதனில்போல் அவை ஒரே எலும்பாக ஒன்றிவிடுவதில்லை. எனவே பிரிந்த தாடை பழுதான மாதிரி அன்று.

பற்களுக்கு வருவோம். முழு வளர்ச்சியடைந்த நாய்க்கு 42 பற்கள்: மேலே 20, கீழே 22. ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழும் மூன்று வெட்டுப்பற்கள், ஒரு கோரைப்பல், நான்கு முன்கடைவாய்ப்பற்கள்; பின்கடைவாய்ப்பற்கள் மட்டும் மேலே இரண்டு, கீழே மூன்று. மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்தாடையின் முதல் பின்கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கத்தரிக்கோலின் இரு அலகுகளாக வேலை செய்கின்றன. கீழ்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. ஆகையால் வெட்டும் வேலை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில்தான் நடக்கும். நாய் கடினமான ஒன்றைக் கடிக்கும்போது தலையைச் சாய்த்து வாயின் ஓரத்துக்கு அதைத் தள்ளுவதன் காரணம் அங்கே இருக்கிறது.

மேல்தாடையின் அந்த நான்காம் முன்கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். அவற்றின் நுனிகள் கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பை எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை மண்டையோட்டில் பார்த்தவர், கண்ணுக்குக் கீழே திடீரென வீங்கிச் சீழ் வடியும் நாயைக் கண்டால் கண்ணையோ தோலையோ பார்ப்பதோடு நிற்க மாட்டார்; வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கோரைப்பல்லின் வேரும் அப்படியே. வெளியே தெரியும் பகுதியைவிட வேர் நீளமானது. அது பின்னோக்கி வளைந்து இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கு மேல் வரை செல்கிறது. அதற்கும் மூக்கின் உள்வெளிக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே.

இவை யாவும் முதல் மண்டையோடு கற்பித்தவை. இரண்டாவது, மூக்குக் குறுகிய இனத்து நாயினுடையது. அதைக் கையில் எடுத்த முதல் நாளில் நான் கற்ற வரிசைகள் பலவும் குழம்பிப்போயின. முகம் முழுவதும் கண்களுக்குக் கீழே மடித்து வைக்கப்பட்டதுபோல் இருந்தது. பற்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் அவற்றுக்கு இடம் குறைந்திருந்தது. மூன்றாம் முன்கடைவாய்ப்பல் குறுக்காகத் திரும்பி நின்றது. கீழ்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. கண்குழி அவ்வளவு ஆழமற்றதாக இருந்ததைக் கண்டபோது, இத்தகைய நாய்களில் சிறு மோதலிலேயே கண் வெளியே பிதுங்கி விடுவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் மண்டையோட்டில் நெற்றிக்குள் அகன்றிருந்த காற்றறை இதில் இல்லவே இல்லை எனலாம். எலும்பு குறுகினாலும் அதனுள் அடங்க வேண்டிய மென்தசைகள் அதே அளவில் குறுகுவதில்லை. சுவாசம் இழைப்பாக மாறுவதன் தொடக்கம் இங்கே. 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெவ்வேறு தலை வடிவமுள்ள நாய்களின் மூளைப் படங்களை ஒப்பிட்டு, மண்டையோடு குறுகக் குறுக மூளையே முன்புறமாகக் கீழ்நோக்கித் திரும்பியிருப்பதையும், மணத்தை உணரும் குமிழ் கீழே இடம் மாறியிருப்பதையும் காட்டினார்கள்.

நாயின் தலை வடிவம் எவ்வளவு தூரம் விலகிச் செல்லக்கூடும் என்பதை அளந்தவர்கள் ஆபி டிரேக்கும் கிறிஸ்டியன் கிளிங்கன்பெர்க்கும். வளர்ப்பு நாய்களின் மண்டையோட்டு வடிவங்களிடையே காணப்படும் வேறுபாடு, பூனை, கரடி, கீரி, கடல்நாய் முதலியவை அடங்கிய ஊனுண்ணி வரிசை முழுவதிலும் காணப்படும் வேறுபாட்டுக்கு ஒப்பாகும் என்று அவர்கள் 2010இல் எழுதினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட செயின்ட் பெர்னார்ட் நாய்களின் மண்டையோடுகளை அவர்களே ஒப்பிட்டிருந்தார்கள். வளர்ப்போர் விரும்பிய அகன்ற தலையையும், நெற்றிக்கும் மூக்குக்கும் இடையிலான செங்குத்தான இறக்கத்தையும் நோக்கி அந்த இனம் படிப்படியாக மாறிவந்தது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. இத்தகைய ஆய்வு நடக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே மண்டையோட்டைச் சுத்தம் செய்து, தேதியும் இனமும் எழுதி, பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்தப் பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறது. அங்கே 2,000க்கும் மேற்பட்ட நாய் மண்டையோடுகள் உள்ளன. ஒப்பீட்டுக்கு என்னிடம் நான்குதான் இருக்கின்றன. நான்கே ஒன்றைவிடப் பெரிதும் மேலானவை.

மூன்றாவது ஒரு குட்டியினுடையது. எலும்புகளின் இணைப்புக் கோடுகள் இன்னும் மூடாத அந்த மண்டையோட்டில், பிடரி எலும்பு ஒரே எலும்பாகப் பிறப்பதில்லை, நான்கு துண்டுகள், தண்டுவடம் செல்லும் பெருந்துளையைச் சுற்றி வந்து சேர்கின்றன என்பதைக் கண்ணால் காணலாம். குட்டிக்கு 28 பால்பற்கள் மட்டுமே. இந்த மாதிரியின் தாடையில் ஒரு பக்கத்தில் வெளி எலும்பைச் சீவி எடுத்துவிட்டிருப்பதால், பால்பற்களுக்கு அடியில் நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருந்த நிலையை அப்படியே பார்க்க முடிகிறது. பொதுவாக ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்கள் முளைத்து முடிந்துவிடும். பல் முளைப்பதற்கு முன் எனாமல் உருவாகும் வாரங்களில் குட்டிக்கு டிஸ்டெம்பர் போன்ற கடும் காய்ச்சல் நோய் வந்தால், அந்த நாள்களின் எனாமல் குறைபட்டுப் பள்ளமாகவும் கோடாகவும் என்றென்றைக்கும் நின்றுவிடும். ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்ட குழியில் 1914இல் கிடைத்த, சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய நாயின் பற்களில் இத்தகைய குறைகள் இருந்தன. ஏறக்குறைய ஏழு மாத வயதில் இறந்த அந்த நாய்க்கு முன்னரே டிஸ்டெம்பர் கண்டிருக்கும் என்றும், மனிதர் பேணாமல் அது அவ்வளவு நாள் பிழைத்திருக்க முடியாது என்றும் 2018இல் வெளியான ஆய்வு வாதிட்டது. ஒரு பல்லின் மேற்பரப்பிலிருந்து அவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், என் குட்டியின் பற்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

நான்காவது, முதிய நாயினுடையது. அழகான மாதிரி வேண்டும் என்போர் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். எனக்கோ நான்கிலும் இதுவே மிக அருமையானது. மேலே இடப்பக்கம் இரண்டு பற்கள் இல்லை. ஆனால் அவற்றின் குழிகள் எலும்பால் நிரம்பி மழமழப்பாகிவிட்டன. எனவே அவை நாய் உயிரோடு இருந்தபோதே, இறப்பதற்கு நெடுநாள் முன்பே விழுந்தவை. வலப்பக்கத்தில் இல்லாத மற்றொரு பல்லின் குழியோ கூரிய விளிம்போடு வெறுமையாக இருக்கிறது. அது சுத்தம் செய்யும்போது கழன்று தொலைந்தது. இந்த வேறுபாட்டை அறியாமல் மாதிரியைப் பார்த்து நோயை எழுதுவது பெரும் பிழை. பற்களைச் சுற்றி எலும்பின் விளிம்பு கரைந்து இறங்கி வேர்கள் வெளியே தெரிகின்றன. கோரைப்பல்லின் உட்பக்கம் அந்த மெல்லிய தகடு தேய்ந்து, வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஒரு வழி திறந்திருக்கிறது. இந்த நாய் உணவு உண்ணும்போதெல்லாம் தும்மியிருக்கும். சிறுநீரகம் நெடுநாள் பழுதுபட்ட நாய்களில் தாடையெலும்பு சுண்ணாம்புச் சத்தை இழந்து வளையும் அளவுக்கு மென்மையாகிவிடுவதும் உண்டு. என் மாதிரியில் அது இல்லை என்றாலும், தாடையைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதனால்தான் வந்தது.

மாதிரி எவ்வளவு நன்றாகத் தயாரிக்கப்படுகிறதோ அவ்வளவுக்குத்தான் அதிலிருந்து கற்க முடியும். விரைவாக முடிப்பதற்காகத் தலையைக் கொதிக்க வைப்போர் பலர். கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் ஊறி, பின்னர் மஞ்சளாகக் கசிந்துகொண்டே இருக்கும், பற்கள் வெடிக்கும், மூக்கின் உள்ளே காகிதச் சுருள்போல் அமைந்த சுருளெலும்புகள் உதிர்ந்துவிடும். மணம் அறியும் நரம்பிழைகள் மூளைக்குச் செல்லும் சல்லடைத் தகடும் அவற்றுக்குப் பின்னேதான் இருக்கிறது. நாயின் சிறப்பையெல்லாம் தாங்கி நிற்கும் பகுதியை இழந்த பிறகு மீதமுள்ள ஓட்டைப் பளபளப்பாக வைத்திருப்பதில் என்ன பயன்? தோலும் பெரும்பாலான சதையும் நீக்கிய தலையை வெதுவெதுப்பான நீரில் பல நாள்கள், சில வேளை வாரக்கணக்கில், ஊறவிட்டு நுண்ணுயிரிகளே சதையைக் கரைக்கும்படி விடுவது மெதுவான, நாற்றம் மிகுந்த, ஆனால் நம்பத்தக்க வழி. அருங்காட்சியகங்கள் பல, காய்ந்த சதையை மட்டும் தின்னும் தோல்தின்னி வண்டுகளை இதற்கென வளர்க்கின்றன. பின்னர் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரை மாற்றி மாற்றிக் கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்க வேண்டும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது எலும்பைச் சுண்ணாம்புத் தூளாகச் சிதைக்கும்.

இந்த வேலையில் தொலைபவை எப்போதும் சிறியவையே. நாவடி எலும்புத் துண்டுகள், நடுச்செவியின் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள், ஒற்றை வேருள்ள வெட்டுப்பற்கள் ஆகியவை நீரை வடிக்கும்போது போய்விடும். தலையைத் தொடக்கத்திலேயே மெல்லிய வலைத் துணியில் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் நீரை நுண்சல்லடையில் வடிப்பது நான் பின்பற்றும் முறை. என் நான்காவது மாதிரியில் அந்த ஒரு பல் தொலைந்தது, ஒரு நாள் சல்லடையை வைக்காமல் நீரைக் கொட்டியதால்தான்.

இதைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. இறப்பதற்கு முன் நடத்தை மாறிய, தள்ளாடிய, விழுங்க முடியாமல் எச்சில் வடித்த, அல்லது எப்படி இறந்தது என்றே தெரியாத நாயின் தலையை மாதிரிக்காகத் திறக்கக் கூடாது. வெறிநோய்க் கிருமி குடிகொள்ளும் இடம் மூளையும் நரம்புகளும் எச்சில் சுரப்பிகளும்; அத்தகைய தலை போக வேண்டிய இடம் நோயறியும் ஆய்வகம். தெருவில் கிடைத்தது என்று தலையை எடுத்துவந்து வீட்டில் சுத்தம் செய்ய முயலும் மாணவர்களை நான் கண்டிப்போடு தடுத்திருக்கிறேன். சி.டி. ஸ்கேனிலிருந்து அச்சிட்ட முப்பரிமாண மாதிரிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. துளைகளின் இடத்தையும் தாடையின் அசைவையும் கற்க அவை போதும். மூக்கின் சுருளெலும்பையும் எலும்பின் சொரசொரப்பையும் மட்டும் அவை இன்னும் சரிவரத் தருவதில்லை.

நான்காவது நாயின் உடலை அதை வளர்த்தவர்களே கற்பித்தலுக்காகக் கொடுத்தார்கள். அதன் சீட்டில் இனம், பாலினம், வயது, எடை, இறப்புக்குக் காரணம், சுத்தம் செய்த முறை, தொலைந்த பல் எது என்பவை எல்லாம் இருக்கின்றன. முதல் மண்டையோட்டுக்குச் சீட்டே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தன. சென்ற வாரம் அதற்கும் ஒன்று எழுதினேன். முழு வளர்ச்சியடைந்தது, நடுத்தரத் தலை, 42 பற்களும் உள்ளன, தேய்மானம் சிறிது, வலக் கன்ன வளைவில் ஆறிய பழைய முறிவு. இறுதியில் குறித்த அந்த முறிவை, சீட்டுக்காக எலும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாகக் கண்டேன்.